அச்சாணி கழன்ற சீசனை எடைபோடுவது எப்படி? 'தி ஆபிஸ்' எட்டாம் சீசனை வைத்து ஒரு முழு வழிகாட்டி

நீளமாக ஓடிய நகைச்சுவைத் தொடர் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும், "அந்த சீசனோட நிறுத்தியிருக்கணும்" என்று ஒருவர் சொல்வார். எந்த சீசன் என்பதில்தான் சண்டை வரும். ஒரு காகிதக் கம்பெனிக் கிளையை ஆவணப்படக் காமிரா பின்தொடர்வதுபோல எடுத்த அமெரிக்கத் தொடர் 'தி ஆபிஸ்' விஷயத்தில் அந்தச் சண்டையும் பெரும்பாலும் வராது. எட்டாம் சீசன் என்று சொல்லிவிடுவார்கள். கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கேரல் போனார், தொடர் படுத்தது, அவ்வளவுதான் என்பார்கள்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தடவை அந்த சீசனை நான்கு ராத்திரியில் ஓட்டித் தள்ளினேன். இரண்டாம் தடவை ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து 24 எபிசோடையும் பார்த்தேன். தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, பலவீனமான சீசன்தான். ஆனால் அதற்கு நான் சொல்லிக்கொண்டிருந்த காரணம் தப்பு என்று தெரிந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. இந்தத் தேரோ கேரல் இறங்கிய பிறகு இரண்டு முழு சீசன், 49 எபிசோடு ஓடியிருக்கிறது. நடுநடுவே நன்றாகவும் ஓடியது. அப்படியானால் அச்சாணி அவர்தானா, அவரோடு சேர்ந்து போன வேறு ஏதாவதா? ஒரு பலவீனமான சீசனை எடைபோட உட்காரும்போது கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான்.

கீழே சொல்வது அந்த நோட்டில் நான் எழுதிப் பழகிய முறை. கதை முடிச்சுகள் எல்லாம் வெளியே வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

படி 1: சரியான படிக்கல்லை எடுத்துத் தராசில் வையுங்கள்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எட்டாம் சீசனின் ஒரு சுமாரான எபிசோடைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு, மறு தட்டில் நான்காம் சீசனின் 'டின்னர் பார்ட்டி'யை வைக்கிறார்கள். எந்தத் தொடரின் எந்த எபிசோடும் அந்தத் தட்டில் தோற்றுத்தான் போகும். நினைவு சிகரங்களை மட்டும்தான் பத்திரமாக வைத்திருக்கும். மூன்றாம் சீசனில் வந்த சாதாரண எபிசோடு ஒன்றின் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவோம்.

ஆகவே முதலில் நல்ல சீசன் என்று நீங்கள் நம்புகிற ஒன்றிலிருந்து, பெயரைக் கேட்டாலும் கதை ஞாபகம் வராத இரண்டு எபிசோடுகளைப் பார்த்துவிடுங்கள். அதுதான் அந்தத் தொடரின் அன்றாடச் சாப்பாடு. எட்டாம் சீசனை அதோடு ஒப்பிடுங்கள். இடைவெளி இருக்கும், ஆனால் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

இன்னொன்று: இந்தத் தொடர் தொடங்கியதே ஒரு பலவீனமான சீசனோடுதான். 2005-இல் வந்த முதல் சீசனில் ஆறே எபிசோடு. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் பிபிசிக்காக உருவாக்கிய மூலத் தொடரின் முதல் எபிசோடை ஏறக்குறைய அப்படியே எடுத்து அமெரிக்க முதல் எபிசோடாக ஆக்கியிருந்தார்கள். மைக்கேல் ஸ்காட் அதில் வெறும் எரிச்சல் பேர்வழி. இரண்டாம் சீசனில்தான் அவருக்குள் ஒரு தனிமையை வைத்தார்கள். 2006-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வந்தது. சட்டை இன்னும் உடம்புக்குப் பொருந்தாததால் வரும் பலவீனம் ஒன்று, உடம்பு இளைத்ததால் சட்டை தொளதொளப்பது இன்னொன்று. எது என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 2: திரைக்கு வெளியே என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் போனால் கிசுகிசுவில் போய் முடியும். எழுதவேண்டியவை: யார் போனார்கள், யார் வந்தார்கள், யார் எழுத்து அறையை, அதாவது கதை எழுதும் குழுவை நடத்தினார்கள், எத்தனை எபிசோடு எழுதவேண்டியிருந்தது.

'தி ஆபிஸ்' கணக்கு இது. கேரலின் விடைபெறும் எபிசோடு 2011 ஏப்ரல் 28 அன்று ஒளிபரப்பானது. எட்டாம் சீசன் அதே ஆண்டு செப்டம்பர் 22-இல் தொடங்கியது. விற்பனையாளராக இருந்த ஆண்டி (எட் ஹெல்ம்ஸ்) கிளை மேலாளர் ஆனார். ஜேம்ஸ் ஸ்பேடர் கம்பெனித் தலைவர் ராபர்ட் கலிபோர்னியாவாக மேலே வந்து அமர்ந்தார். சீசனின் பின்பாதியில் கேத்தரின் டேட் நெல்லி என்ற அதிகாரியாக நுழைந்தார். பாம் பாத்திரத்தில் நடித்த ஜென்னா பிஷர் அப்போது நிஜமாகவே கர்ப்பமாக இருந்ததால், பாமும் கதையில் பேறுகால விடுப்பில் போனாள்.

இனி இந்தப் பட்டியலின் சுவையான பகுதி. "ஆள் மாறியதால் கெட்டது" என்று சொல்ல வாய் வரும். ஆனால் இந்த சீசனை நடத்தியவர் பால் லீபர்ஸ்டீன், தொடரில் டோபியாக நடித்தவர்தான். ஐந்து, ஆறாம் சீசன்களை ஜெனிபர் செலோட்டாவோடு சேர்ந்து நடத்தியவரும் அவரே. மைக்கேல் தனிக் காகிதக் கம்பெனி தொடங்கும் அந்த அருமையான ஐந்தாம் சீசன் இதே கையில் வந்ததுதான். எழுத்து அறையிலும் பழைய ஆட்கள் இருந்தார்கள். மிண்டி கேலிங் எட்டாம் சீசன் முடியும்வரை இருந்தார். (அவருடைய அப்பா ஒரு தமிழர். சொக்கலிங்கம் என்ற பெயரின் நடுவிலிருந்து வெட்டி எடுத்ததுதான் 'கேலிங்'. கெல்லி கபூராக நடித்ததோடு, மூன்றாம் சீசனின் தீபாவளி எபிசோடை எழுதியவரும் அவர்தான்.) அதே சமையல்காரர்கள், அதே அடுப்பு. ஆகவே கை தப்பியது என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தப்பிக்க முடியாது.

எதிர்மாறான ஒரு உதாரணம் வேண்டுமானால் 'கம்யூனிட்டி' என்ற கல்லூரி நகைச்சுவைத் தொடரின் நான்காம் சீசன். மூன்றாம் சீசன் முடிந்ததும் 2012-இல் தொடரை உருவாக்கிய டான் ஹார்மனை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடிகர்கள் அநேகமாக எல்லோரும் இருந்தார்கள், சமையல்காரர்தான் இல்லை. ஐந்தாம் சீசனுக்கு ஹார்மன் திரும்பி வந்தபோது, நான்காம் சீசனைப் பாத்திரங்களே 'கேஸ் கசிந்த வருஷம்' என்று சொல்லிக் கைகழுவினார்கள். சிரித்தேன், ஆனால் அது கொஞ்சம் அநியாயம் என்று இன்றும் தோன்றுகிறது. டீனாக நடித்த ஜிம் ராஷ் அந்த சீசனில் ஒரு எபிசோடு எழுதினார். ட்ராய், அபெட் என்ற இரு நண்பர்கள் உடல் மாறிவிட்டதாகச் சாதிக்கும் எபிசோடு அது. அதைக் கேஸ் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

படி 3: ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரே வரி — யாருக்கு என்ன வேண்டும்?

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சிரிப்பு வந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டு உட்காராதீர்கள். சிரிப்பு நம் மனநிலையைப் பொறுத்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அதற்குப் பதில், எபிசோடு முடிந்தவுடன் ஒரு வரி எழுதுங்கள்: இதில் யார், எதை, எவ்வளவு வெறியோடு விரும்பினார்? நகைச்சுவைத் தொடருக்குப் பெட்ரோல் அதுதான். ஆசை பெரிதாகவும் அதை அடையும் வழி கோணலாகவும் இருந்தால் சிரிப்பு தானாக வரும்.

மைக்கேலுக்கு இந்த வரி எழுதுவது ரொம்ப சுலபம். "எல்லோரும் தன்னை நேசிக்க வேண்டும்." ஏழு சீசனுக்கும் அதே வரிதான். அவரிடம் அதிகாரம் இருந்தது, ஏக்கம் இருந்தது, தொல்லை கொடுக்கும் வேலையையும் அவரே செய்தார். மூன்றும் ஒரே உடம்பில் இருந்ததால்தான் சிரிப்பு. சம்பளம் தரும் கையே பாசத்துக்கும் நீளும்போது, எதிரே நிற்கிற ஊழியர் ஓடவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் காமிராவைப் பார்க்கிறார்.

எட்டாம் சீசனில் என் நோட்டு இப்படிப் போனது. 'தி லிஸ்ட்': ராபர்ட் ஊழியர்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிய தாளை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். தோற்றவர்கள் பத்தியில் இருப்பவர்களுக்கு மரியாதை வேண்டும், ஆண்டிக்கு அவர்களைக் காப்பாற்ற வேண்டும். 'தி இன்சென்டிவ்': ஆண்டிக்கு விற்பனையைக் கூட்ட வேண்டும், அதற்காகத் தன் பின்புறத்தில் பச்சை குத்திக்கொள்வதாக வாக்குக் கொடுத்து மாட்டுகிறார். 'கார்டன் பார்ட்டி': ஆண்டிக்கு அப்பா அம்மாவின் பாராட்டு வேண்டும். மூன்றும் தெளிவான வரிகள், மூன்றும் நன்றாகவே இருந்த எபிசோடுகள்.

அப்புறம் பக்கங்கள் குழம்பத் தொடங்கின. வரி எழுத முடியவில்லை. 'மிஸஸ் கலிபோர்னியா'வில் ராபர்ட்டின் மனைவிக்கு வேலை வேண்டும், ராபர்ட்டுக்கு அது நடக்கக் கூடாது. நடுவில் மாட்டிய ஆண்டிக்கோ சொந்தமாக எதுவுமே வேண்டாம், பிரச்சினை முடிந்தால் போதும். விற்பனையாளர் ஜிம்முக்கு என்ன வேண்டும் என்று பத்து எபிசோடுக்கு மேல் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அவன் ஆசைப்பட்ட பாமை 2009-இலேயே, ஆறாம் சீசனில், நயாகராவில் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். ஆக, தேரின் ஒரு சக்கரம் கேரல் போவதற்கு முன்பே நின்றிருந்தது. கேரல் இருந்தவரை அது நமக்குத் தெரியவில்லை.

நோட்டை முழுதாகப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. மைக்கேலின் நாற்காலியை மூன்று துண்டாக அறுத்து மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரம் ராபர்ட்டுக்கு, ஏக்கம் ஆண்டிக்கு, தொல்லை நெல்லிக்கு. அதிகாரம் இல்லாதவனின் ஏக்கம் பாவமாக இருக்கிறது. ஏக்கம் இல்லாதவனின் அதிகாரம் பயமாக இருக்கிறது. தொல்லை மட்டும் தனியாக வந்தால் வெறும் தொல்லைதான். நடிகர் மூவருமே கெட்டிக்காரர்கள். நான் தேடிய அச்சாணி அந்த மூன்றும் ஒன்றாக இருந்த இடம். கேரலோடு சேர்ந்து போனது அது.

படி 4: மண்குடம், பொன்குடம்

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பிரியமான பாத்திரம் போன பிறகு வருகிற எல்லோரும் நமக்கு மருமகள்தான். ஆகவே பிடிக்காத ஒவ்வொரு காட்சியிலும் மைக்கேலை மனதில் நிறுத்திப் பாருங்கள். இதையே அவர் செய்திருந்தால் சிரித்திருப்பேனா?

மேலே சொன்ன பச்சை குத்தும் கதை அசல் மைக்கேல் சமாச்சாரம். அவர் செய்திருந்தால் இன்று 'சிறந்த பத்து' பட்டியலில் இருந்திருக்கும். அங்கே தப்பு என் பக்கம் என்று ஒத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் கூட்டினேன்.

மறுபக்கமும் உண்டு. தான் காதலிக்கும் எரினைக் கூட்டிவர ஆண்டி யாரிடமும் சொல்லாமல் புளோரிடாவுக்குக் காரோட்டிக்கொண்டு போகிறார். அந்த நேரத்தில் நெல்லி வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து "இனி நான்தான் மேலாளர்" என்கிறாள். ராபர்ட் அதை விட்டுவிடுகிறார். இதில் யாரை நிறுத்திப் பார்த்தாலும் கதை தேறவில்லை. அப்படியானால் உடைந்தது நிஜமாகவே பொன்குடம்தான்.

படி 5: புதுமுகங்களுக்குத் தனிக் கணக்கு

நாற்காலியைப் பிடிக்கும் அதே கதை இந்த சீசனில் இரண்டு தடவை வருகிறது, கவனித்தீர்களா? ராபர்ட் முதலில் கிளை மேலாளராகத்தான் எடுக்கப்பட்டார். எடுத்த கையோடு கம்பெனித் தலைவி ஜோ பென்னட்டிடம் போய்ப் பேசி, அவருடைய பதவியையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதை நமக்குக் காட்டவில்லை. ஜிம் காமிராவிடம் ஓரிரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறான். அதனாலேயே அது வேலை செய்கிறது. அப்படி என்னதான் பேசினார் இந்த மனிதர் என்று நாமே யோசித்துச் சிரிக்கிறோம். நெல்லியின் கதையையோ கண்ணெதிரே, எபிசோடு எபிசோடாக இழுத்தார்கள். பார்க்கப் பார்க்க, ஒரு ஆபீஸில் இது நடக்காதே என்ற எண்ணம்தான் வளர்ந்தது. எந்த அலுவலகத்திலும் ஒரு வருஷம் வேலை பார்த்தவருக்கு இது புரியும். நாலு நாள் லீவில் போனால் மேசையில் ஃபைல் கூடும், நாற்காலி போகாது.

ராபர்ட் கலிபோர்னியா எனக்கு இந்த சீசனின் சொத்து. 'கெட்டிஸ்பர்க்' எபிசோடில் கணக்காளர் கெவின் தின்பண்ட இயந்திரத்தில் எந்த பிஸ்கட் வைக்கலாம் என்று பேச, அதை வியாபாரத் தத்துவமாக எடுத்துக்கொண்டு ராபர்ட் அசந்துபோவதை எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்கவில்லை. ஆனால் அவர் அடிக்கடி வந்தபோது புதிர் கரைந்தது. ஸ்பேடர் பத்து எபிசோடுக்கு மட்டும் வந்திருந்தால் இன்று வேறு மாதிரி பேசிக்கொண்டிருப்போம்.

படி 6: மூன்று கூடைகள்

இது சட்டென்று முடிகிற வேலை. எல்லா எபிசோடையும் மூன்றாகப் பிரியுங்கள்: மறுபடி பார்ப்பேன், ஓடினால் எழுந்து போகமாட்டேன், தாண்டிவிடுவேன். என் கணக்கில் முதல் கூடையில் 7, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 7. ஒரு சீசன் மோசம் என்ற பேச்சில் இந்த நடுக்கூடை காணாமல் போய்விடுகிறது.

முதல் கூடையில் வந்து விழுந்தவை எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள். எனக்கு அவை இரண்டு இடத்தில் கூடின: சீசன் தொடக்கத்திலும், புளோரிடாவிலும். விற்பனையாளர் ட்வைட் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு டல்லஹாசியில் புதுக் கடை திறக்கப் போகும் பகுதி அது. காரணம் படி 3-இல் இருக்கிறது. ட்வைட்டுக்குத் துணைத் தலைவர் பதவி வேண்டும். குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த அன்றே கூட்டத்துக்குத் திரும்பி வரும் அளவுக்கு வேண்டும். ஜிம்முக்கும் அங்கே கடைசியில் ஒன்று வேண்டியிருந்தது. பதவியேற்ற கையோடு ட்வைட்டைப் பலி கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவனைக் கட்டிப்புரண்டு தடுக்கிறான். பாமின் இடத்துக்குத் தற்காலிகமாக வந்த கேத்தி, ஜிம்மை மயக்க அவன் ஓட்டல் அறைக்கு வரும் கதையில் எனக்குப் பதற்றமே வரவில்லை. ஆனால் மூட்டைப்பூச்சி என்று சொல்லி ட்வைட்டை உள்ளே வரவழைத்ததும் கதை நிமிர்ந்துவிட்டது.

ஒரு எபிசோடில் தொடர் செத்தது என்று தேதி குறிப்பவர்களோடு சேராதீர்கள். அந்தப் பழக்கத்துக்கு 'சுறாவைத் தாண்டியது' என்ற பெயரைக் கொடுத்ததே 'ஹேப்பி டேஸ்' என்ற பழைய நகைச்சுவைத் தொடர். 1977-இல் அதில் வரும் ஃபான்சி தோல் ஜாக்கெட்டோடு நீர்ச்சறுக்கில் ஒரு சுறாவைத் தாண்டினார். தொடர் 1984 வரை ஓடியது. பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் இதற்குச் சளைத்ததில்லை. 'சைன்ஃபெல்ட்' தொடரை ஏழாம் சீசனோடு அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி டேவிட் விட்டுப் போனார். கதைகள் கிறுக்குத்தனமாக மாறின, எபிசோடின் தொடக்கத்தில் வந்த மேடை நகைச்சுவைப் பேச்சும் நின்றது. அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தபடிதான் 1998-இல் ஒன்பதாம் சீசன் முடிந்தது. கூட்டம் பழக்கத்தைக் காட்டும், ருசியைக் காட்டாது.

ஒரு சலுகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த சீசன் எட்டு மாதங்களில், வாரம் ஒன்றாக வந்தது. நாம் அதை நான்கு ராத்திரியில் விழுங்கிவிட்டு, திகட்டுகிறது என்கிறோம். நெல்லியின் பகுதி வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தாலும் தேறாது. ராபர்ட்டின் பகுதி தேறும்.

படி 7: அடுத்த சீசனிடம் கடன் எவ்வளவு என்று கேளுங்கள்

பலவீனமான சீசன் இரண்டு வகை. ஒன்று வந்து போய்விடும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இன்னொன்று கடன் வைத்துவிட்டுப் போகும். எட்டாம் சீசன் வைத்த கடன் ஆண்டிதான். சீசன் முடிவில் வேலை போய், பழைய உயரதிகாரி டேவிட் வாலஸைப் பிடித்துக் கம்பெனியையே வாங்க வைத்து, நாற்காலியைத் திரும்பப் பெறுகிறார். ஒரு வருஷம் முழுக்க அவரோடு நின்ற நமக்கு அது வெற்றி. ஒன்பதாம் சீசனில், அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் திரும்பி வந்தார். ஆண்டியைப் படகில் ஏற்றிப் பல எபிசோடுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவரைப் பிடிக்காத ஆளாக மாற்றினார்கள். எட்டாம் சீசனில் நாம் போட்ட மூலதனத்தை ஒன்பதாம் சீசன் தள்ளுபடி செய்துவிட்டது. இந்த நஷ்டத்தை எந்த சீசன் கணக்கில் எழுதுவது? நான் பாதிப் பாதியாக எழுதினேன். முழுவதையும் ஒன்பதில் எழுதுகிறவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

யாராவது "எட்டாம் சீசனைத் தாண்டிடலாமா?" என்று கேட்டால் நான் இப்போது தருகிற சீட்டு இது. 'தி லிஸ்ட்', 'தி இன்சென்டிவ்', 'கார்டன் பார்ட்டி', 'கெட்டிஸ்பர்க்' பாருங்கள். குடித்துவிட்டுத் தன் மாளிகையைச் சுற்றிக்காட்டும் ராபர்ட்டுக்காக 'பூல் பார்ட்டி' பாருங்கள். டல்லஹாசி போனது முதல் 'லாஸ்ட் டே இன் புளோரிடா' வரை விடாமல் பாருங்கள். 'கெட் தி கேர்ள்' எபிசோடில் நெல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுந்து போய் டீ போடலாம். கடைசி எபிசோடுக்குத் திரும்பி வந்தால் போதும், இடையில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.